மூன்று கூறில் எது உன்னுடையது?

இலங்கையின் புத்தளம் கரையில், உடப்பில் கரைவலை இழுக்கும் காலையில் கடற்கரைக்குப் போனால், வலை கண்ணில் படுவதற்கு முன்னமே அம்பாப் பாட்டு காதில் விழுந்துவிடும். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, கயிற்றைப் பிடித்த மற்றவர்கள் அதை வாங்கிப் பாடியபடி மணலில் பின்னோக்கி நடப்பார்கள். நான் போன அன்று வலையின் இரண்டு கைகளும் கரையேறிவிட்டன. மடி மட்டும் இன்னும் தண்ணீருக்குள். உள்ளே பாரையா, கீரிமீனா, வெறும் சொறியும் பாசியுமா என்று யாருக்கும் தெரியாது. மேலே வட்டமிட்ட காகங்களுக்கும் தெரியாது, இருந்தாலும் வந்திருந்தன.

இந்த நேரத்தில் ஒரு வியாபாரி, வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியிடம் வந்து, "மடியில் இருக்கிறது எதுவானாலும் எனக்கு, ஐம்பதாயிரம்" என்கிறார், சம்மாட்டியும் சரி என்று தலையாட்டிவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மடி ஏறுகிறது. உள்ளே சொறி. வியாபாரி காசு கொடுக்க வேண்டுமா?

பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவரிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "சொல்லிட்டா சொன்னதுதானே தம்பி. மடி கிழியக் கிழிய மீன் ஏறியிருந்தா அவன் கூடக் காசு தந்திருப்பானா?"

ஏறத்தாழ ஆயிரத்தெண்ணூறு வருடங்களுக்கு முன் பொம்போனியுஸ் என்ற ரோமச் சட்ட அறிஞரும் இதையேதான் எழுதினார். பொருள் இல்லாமல் விற்பனை இல்லை என்பது பொது விதி. ஆனால் ஒருவன் வலைவீச்சில் விழப்போகும் மீனையோ, கண்ணியில் சிக்கப்போகும் பறவையையோ முன்கூட்டியே விலை பேசினால், ஒன்றுமே அகப்படாவிட்டாலும் அது விற்பனைதான். அவன் வாங்கியது மீனை அல்ல, மீன் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பை. ரோமச் சட்டம் இதற்கு வைத்த பெயரும் 'எதிர்பார்ப்பை வாங்குதல்' என்பதே.

ரோமாபுரிச் சட்டத்துக்கு உடப்புக் கரையில் என்ன வேலை? ஒல்லாந்தர் 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து இதே கரையோரத்துக் கற்பிட்டியைப் பிடித்தார்கள். களப்பின் வாயில் இன்றும் நிற்கும் கோட்டையை 1667இலிருந்து 1676 வரை கட்டினார்கள். ரோமச் சட்டத்தைத் தங்கள் நாட்டு வழக்கத்தோடு பிசைந்து அவர்கள் வைத்திருந்த ரோமன்-டச்சுச் சட்டமும் அவர்களோடு கரையிறங்கியது. பிறகு வந்த ஆங்கிலேயர், 1799 செப்டம்பர் பிரகடனத்தில், ஒல்லாந்தர் காலத்துச் சட்டங்கள் தொடரும் என்றார்கள். அதனால் இன்றைக்கும் எழுதிய சட்டம் வாய் திறக்காத இடத்தில் இலங்கை நீதிமன்றம் காது கொடுப்பது அந்தப் பழைய குரலுக்குத்தான். சரக்கு விற்பனைக்கென்று 1896இல் ஆங்கிலப் பாணியில் ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. அதுவும் தற்செயலை நம்பிய விற்பனையை மறுக்கவில்லை.

அப்படியானால் சூதுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? இதே ரோமன்-டச்சுச் சட்டம் பந்தயக் கடனை வசூலித்துத் தராது. "நாளைக்கு மழை பெய்தால் ஆயிரம் ரூபாய்" என்று நீங்களும் நானும் கட்டிய பந்தயத்தோடு எந்த நீதிமன்றத்துக்குப் போனாலும் வெறுங்கையோடுதான் வரவேண்டும். வலைக்கு ஆம், பந்தயத்துக்கு இல்லை. இரண்டிலும் அதிர்ஷ்டந்தானே இருக்கிறது?

எனக்குத் தோன்றும் பதில் இது. பந்தயத்தில் நட்டம் என்ற ஒன்று நாம் பந்தயம் கட்டியதால்தான் பிறக்கிறது. கட்டாமல் விட்டிருந்தால் மழை பெய்தாலும் பெய்யாவிட்டாலும் இருவருக்கும் ஒன்றுமில்லை. வலை அப்படியல்ல. வியாபாரி வந்தாலும் வராவிட்டாலும் மடியில் மீன் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அந்த ஆபத்து ஏற்கெனவே கடலில் கிடக்கிறது. அதை யார் தோளில் ஏற்றுவது என்பதைத்தான் அவர்கள் பேசுகிறார்கள். சம்மாட்டி தன் தோளிலிருந்து இறக்குகிறார், வியாபாரி வாங்கி ஏற்றுகிறார். காப்புறுதிக்கும் சீட்டாட்டத்துக்கும் நடுவே ஓடும் கோடும் இதே இடத்தில்தான் ஓடுகிறது.

இந்தக் கோடு அழிந்துபோகிற அளவுக்கு ஒரு பெரிய விளையாட்டு இதே கரையில் நூற்றாண்டுக் கணக்கில் நடந்தது. சலாபம் என்றால் பழைய தமிழில் முத்துக்குளிப்பு. சிலாபத்தின் பெயரே அதிலிருந்து வந்தது என்று சொல்வோரும் உண்டு. சிலாபத்துக்கு எதிரே ஒரு பார், காரைதீவுக்கு அப்பால் ஒரு பார், குதிரைமலை தாண்டி வடக்கே மன்னார்க் கடலில் வரிசையாக இன்னும் பல. பார் என்பது மணற்கடலுக்கு நடுவே பத்து இருபது மீற்றர் ஆழத்தில் பரந்து கிடக்கும் கல்தரை. முத்துச்சிப்பியின் குஞ்சு சில வாரம் நீரோட்டத்தோடு மிதந்து திரியும். பிறகு கீழே இறங்கும். மணலில் இறங்கினால் புதைந்து சாகும், பாரில் இறங்கினால் பிழைக்கும். பிழைத்தது தன் காலருகே சுரக்கும் இழையால் கல்லைப் பிடித்துக்கொள்ளும். ஆக முத்தின் கதை தொடங்கும்போதே பகடை உருண்டுவிடுகிறது.

1905ஆம் ஆண்டுக் குளிப்பு மிகப் பெரியது. புத்தளம் எல்லைக்குச் சற்று வடக்கே, மரிச்சுக்கட்டிக் கரையில், காட்டை வெட்டி ஓர் ஊரையே எழுப்பினார்கள். கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம், பாரசீக வளைகுடா என்று பல கரைகளிலிருந்தும் ஏறத்தாழ ஐயாயிரம் குளியாளிகள். அரபிகள் மூக்கில் கொம்புக் கவ்வி மாட்டினார்கள், நம் ஆட்கள் விரலால் பிடித்தார்கள். கயிற்றில் கட்டிய கல்லில் கால் வைத்து இறங்கி ஒரு நிமிடம் சொச்சத்தில் மேலே வரவேண்டும். அந்த ஒரு பருவத்தில் எட்டுக் கோடிக்கும் மேல் சிப்பி கரையேறியது. அரசுக்கு ஏறத்தாழ 25 லட்சம் ரூபாய், அந்தக் காலத்து ரூபாய்.

வரி எப்படி வாங்குவது? கொஞ்சம் யோசித்தால் இது பெரிய சிக்கல். முத்தின் மேல் வரி போட்டால் எத்தனை முத்து என்று யார் சொல்வது? சிப்பியை உடைத்தவன் நல்ல முத்தை வாயில் போட்டு விழுங்கிவிடலாம், பல்லிடுக்கில் வைக்கலாம், தலைமுடியில் செருகலாம். எட்டுக் கோடி சிப்பியையும் அதிகாரி முன்னால் உடைப்பதும் நடக்காது. அதனால் முத்தின் மேல் வரி போடவில்லை. உடைக்காத சிப்பியையே பங்கு போட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளியாளிக்கு. உள்ளே என்ன இருக்கிறது என்று அரசுக்கும் தெரியாது, அவனுக்கும் தெரியாது. இருவருக்கும் ஒரே அளவு அறியாமை.

பங்கு போட்ட முறைதான் எனக்கு மிகவும் பிடித்தது. கரையில் அரசு அடைத்து வைத்திருந்த பெரிய வேலிக் கொட்டிலுக்குள் ஒவ்வொரு வள்ளத்துக்காரரும் தங்கள் சிப்பியைச் சுமந்துபோய் மூன்று குவியலாகக் கூறு வைக்க வேண்டும். கூறு வைப்பது குளியாளிகள். அதிகாரி வந்து ஒரு பார்வை பார்த்து, "இது உங்களுடையது" என்று ஒரு குவியலைக் காட்டுவார். மற்ற இரண்டும் அரசுக்கு.

மூவாயிரம் சிப்பி என்று வைப்போம். சமமாக வைத்தால் எதைக் காட்டினாலும் குளியாளிகளுக்கு ஆயிரம். கெட்டிக்காரத்தனமாக 1200, 1000, 800 என்று வைத்தால் அதிகாரி 800ஐத்தான் காட்டுவார். ஏமாற்ற நினைத்தால் நட்டம் அவர்களுக்கே. எண்ணுவதற்கு ஆள் வேண்டாம், தராசு வேண்டாம், சத்தியம் வாங்க வேண்டாம். இப்படி அவர்களே கைவலிக்கச் சமமாக்கிக் கொடுக்கிறார்கள். எங்கள் வீட்டில் தொதல் துண்டுக்கு அண்ணனும் நானும் அடித்துக்கொண்டால் அம்மா கத்தியை என்னிடம் தருவார்: "நீ வெட்டு, அவன் முதல்ல எடுக்கட்டும்." அன்று நான் வெட்டிய துண்டுகளைப்போல் நேரான கோடு பாடசாலையில் ஒருநாளும் வரைந்ததில்லை.

இரண்டு பேருக்கு இது எளிது. மூன்று பேர், நான்கு பேர், ஒவ்வொருவருக்கும் வேறு வேறு ஆசை என்றால்? 1940களில் போலந்துக் கணித அறிஞர் ஊகோ ஸ்டைன்ஹவுசும் அவருடைய நண்பர்கள் பனாக், க்னாஸ்தர் ஆகியோரும் இதைக் கணிதமாகவே எடுத்துக்கொண்டார்கள். அதிலிருந்து 'நியாயப் பங்கீடு' என்று ஒரு துறை வளர்ந்தது. அதற்குச் சற்றுப் பிறகு வருகிறேன். சூதாட்டக்காரர்களை இன்னும் பார்த்து முடிக்கவில்லை.

அரசின் இரண்டு பங்கும் அன்று மாலையே ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். வாங்குபவர்கள் பெரிய முத்து வியாபாரிகள். குளியாளிகளோ தங்கள் பங்கைக் கொட்டில் வாசலிலேயே ஐந்து, பத்து என்று சில்லறையாக விற்பார்கள். கூலிக்காரன், தேநீர் விற்பவன், வேடிக்கை பார்க்க வந்தவன் எல்லோரும் வாங்குவார்கள். ஒரே சரக்கு. ஆனால் ஏலத்தில் வாங்கியவர் செய்தது வியாபாரம், வாசலில் வாங்கியவர் செய்தது லொத்தர். ஏன் என்று கணக்குச் சொல்லும்.

ஒரு பேச்சுக்கு, பத்தாயிரம் சிப்பியில் ஒன்றில் ஆணிமுத்து இருக்கிறது என்போம். பத்துச் சிப்பி வாங்கியவனுக்கு அது கிடைக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. ஆயிரம் வாங்கியவருக்கு நூற்றுக்கு ஒன்பதரை. சரி, பத்தாயிரம் வாங்கியவருக்கு? கட்டாயம் கிடைக்கும் என்று மனம் சொல்லும். இல்லை, நூற்றுக்கு 63தான். மீதி 37 பேர் பத்தாயிரத்தையும் உடைத்துவிட்டு, ஒரு ஆணிமுத்துக்கூட இல்லாமல் நாற்றத்துக்கு நடுவே உட்கார்ந்திருப்பார்கள். நாற்றம் என்பது சும்மா சொல்லவில்லை. சிப்பியை வள்ளத்தில் கொட்டி வாரக்கணக்கில் அழுகவிட்டு, புழு தின்றபின் கழுவித்தான் முத்து எடுப்பார்கள். ஒரு லட்சம் சிப்பி வாங்கினால்தான் வாய்ப்பு நூற்றுக்கு நூறை ஒட்டி வருகிறது. பெரிய தொகை அதிர்ஷ்டத்தை அரைத்துத் தூளாக்கிவிடும், சிறிய தொகை அதிர்ஷ்டத்தை அப்படியே முழுசாக விழுங்கும். சூது விடுதியின் முதலாளி சூதாடுவதில்லை என்பதும் இதனால்தான். ஆயிரம் பேர் அவரோடு ஆடுகிறார்கள், அவர் ஒருவர் ஆயிரம் பேரோடு ஆடுகிறார்.

அந்த முதலாளியிடம் வரி வாங்குவது எப்படி என்ற கேள்வியும் மரிச்சுக்கட்டிக் கேள்விதான். இலாபம் எவ்வளவு என்று அவர் சொல்லித்தான் தெரியவேண்டும், முத்தை விழுங்குவதுபோல் அதையும் விழுங்கலாம். இலங்கையில் 1988ஆம் ஆண்டின் பந்தய, சூதாட்ட அறவீட்டுச் சட்டம் வருடத்துக்கு ஒரு நிலையான தொகை கேட்டது. பிறகு மொத்த வசூலில் இத்தனை வீதம் என்பதும் சேர்ந்தது. உடைக்காத சிப்பியின் மேல் வரி போட்டது போலத்தான் இதுவும்: எண்ணக்கூடியதன் மேல் கை வை. 1889இல் எழுதிய சூதாட்டக் கட்டளைச் சட்டம் சேவற்சண்டையை மனதில் வைத்து எழுதியது. அதை வைத்துக்கொண்டு இணையச் சூதை எப்படிப் பிடிப்பது? 2025இல் சூதாட்ட ஒழுங்குமுறை அதிகாரசபைக்கென்று புதிய சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றி, அந்த 1889ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு ஓய்வு கொடுத்தது.

ஆனால் முத்துக்கடலில் எல்லோரையும்விடப் பெரிய சூதாடி அரசுதான். சிப்பி நாலு, ஐந்து வயதில்தான் முத்துக்கு ஏற்றதாகும். ஒரு வருடம் பொறுத்தால் விலை கூடும். பொறுத்திருக்கும்போதே முதுமையில் செத்துப்போகலாம், மணல் மூடலாம், திருக்கை கூட்டமாக வந்து தின்றுவிட்டுப் போகலாம். 1892இலிருந்து 1902 வரை குளிப்பே இல்லை. ஏன் என்று பார்க்க வில்லியம் ஹெர்ட்மன் என்ற கடலுயிர் அறிஞரை அழைத்தார்கள். அவர் ஜேம்ஸ் ஹோர்னெலோடு 1902 தொடக்கத்தில் வந்து பார்களைச் சலித்தெடுத்து ஐந்து பாக அறிக்கை எழுதினார். திருக்கையின் குடலில் வாழும் நாடாப்புழுவின் குஞ்சு சிப்பிக்குள் புகுந்து சாவதால்தான் முத்து பிறக்கிறது என்பது அவருடைய முடிவு. அழகான கதை: சிப்பியைத் தின்னும் திருக்கைதான் முத்தையும் கொடுக்கிறது! பின்னால் அது நிற்கவில்லை. சிப்பியின் ஓட்டைச் சுரக்கும் மெல்லிய தோலின் சிறு பகுதி காயத்தாலோ ஒட்டுண்ணியாலோ உள்ளே தள்ளப்பட்டு ஒரு பையாகும், அந்தப் பை தன் வேலையை மறக்காமல் ஓட்டின் மினுக்கத்தை உருண்டையாகச் சுரந்துகொண்டே இருக்கும் என்பது இன்றைய விளக்கம்.

1903 முதல் தொடர்ந்து நல்ல அறுவடை. அதைக் கண்டு இலண்டனில் ஒரு கம்பனி கிளம்பியது. 1906இல் 20 வருடத்துக்குப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது, வருடத்துக்கு 3,10,000 ரூபாய். பொம்போனியுஸ் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்: எதிர்பார்ப்பை மொத்த விலைக்கு வாங்கியிருக்கிறார்கள். 1907க்குப் பிறகு பார் வெறுமையானது, 1912இல் கம்பனி முடிந்தது. அதே காலத்தில் ஜப்பானில், நம் முத்துச்சிப்பியின் நெருங்கிய இனத்துக்குள் தோல்துண்டை வைத்து, கேட்டபடி உருண்டை முத்து எடுக்கப் பழகிக்கொண்டிருந்தார்கள். முத்திலிருந்த சூதையே அவர்கள் எடுத்துவிட்டார்கள்.

வரி கேட்பதற்கு முன் ஒரு கேள்வி உண்டு: அந்தக் கடல் யாருடையது? மூன்று மைலுக்கு அப்பால் கடல் எல்லோருக்கும் பொது என்பது அக்காலத்து வழக்கு. பார்களில் பல அதற்கு வெகு தூரத்தில். ஆனாலும் 1811ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி, முத்துப் பாரில் திரியும் படகைப் பறிக்க அதிகாரம் தந்தது. 1893இல் பாரிசில், பெரிங் கடலின் கடல்நாய்களுக்காக அமெரிக்காவும் பிரித்தானியாவும் நடுவர் முன் மோதியபோது, அமெரிக்கத் தரப்பு இலங்கை முத்துப் பாரை எடுத்து நீட்டியது: உங்கள் சிப்பிக்கு ஒரு நியாயம், எங்கள் கடல்நாய்க்கு ஒரு நியாயமா? பிரித்தானியா சொன்னது: கடல்நாய் நீந்துகிறது, சிப்பி தரையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தரையைப் பிடித்தது தரைக்குச் சொந்தம். 1958 ஜெனீவா உடன்படிக்கையிலும் 1982 கடற் சட்டத்திலும் இதே யோசனை ஏறியது. பிடிக்கும் பருவத்தில் அசையாமல் கிடப்பதும், கடல்தரையைத் தொடாமல் நகரத் தெரியாததும் கரையோர நாட்டுக்குச் சொந்தம். சிப்பியின் காலருகே சுரக்கும் அந்த இழையில் ஓர் அரசின் வரி உரிமை தொங்கியது.

இனி நியாயப் பங்கீடு. பங்கு போடுவதில் மிகவும் கசப்பானது கணவனும் மனைவியும் பிரியும்போதுதான். புத்தளத்தில் இதற்கு ஒரு வாசல் மட்டும் இல்லை. முஸ்லிம் தம்பதி என்றால் 1951ஆம் ஆண்டின் சட்டப்படி காதி நீதிமன்றம். தலாக், பஸஹ், குலா என்று தனி வழிகள். உடப்பு இந்துத் தம்பதியோ தலவில் கத்தோலிக்கத் தம்பதியோ என்றால் மாவட்ட நீதிமன்றம், 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம்; சோரம், தீய எண்ணத்தோடு கைவிடுதல், திருமணத்தின்போதே இருந்த தீராத ஆண்மையின்மை என்று யாராவது ஒருவருடைய குற்றத்தையோ குறையையோ நிரூபிக்கவேண்டும். ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர் வெவ்வேறு சட்டத்தில் பிரிகிறார்கள். சொத்து விஷயத்தில் ஒல்லாந்தர் சட்டம் இருவருக்கும் பொதுச் சொத்து என்று வைத்திருந்தது. அதை 1876இல் ஒரு கட்டளைச் சட்டம், அது செல்லுபடியாகும் மக்களுக்கு, எடுத்துவிட்டது. அதனால் யார் பெயரில் எது என்ற தகராறுதான் இப்போது பெரிது.

அமெரிக்காவில் ஸ்டீவன் பிராம்ஸ், அலன் டெய்லர் என்ற இருவர் 1990களில் ஒரு முறை சொன்னார்கள். ஆளுக்கு 100 புள்ளி கொடு, எது எவ்வளவு வேண்டும் என்று தனித்தனியாகப் போடச் சொல். மனைவி வளவுக்கு 50, நகைக்கு 40, படகுக்கு 10 போடுகிறார். கணவன் படகுக்கு 50, வளவுக்கு 40, நகைக்கு 10. கூடப் போட்டவருக்கு அந்தப் பொருள் போகட்டும். மனைவிக்கு வளவும் நகையும், 90 புள்ளி. கணவனுக்குப் படகு மட்டும், 50. சமமில்லை. ஆகவே இருவருடைய விருப்பமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும் வளவில் ஒன்பதில் நாலு பங்கைக் கணவனுக்கு மாற்று. இப்போது இருவரும் தங்கள் தங்கள் கணக்கில் ஏறத்தாழ 68 பெற்றிருக்கிறார்கள். நூறைப் பிரித்தால் ஆளுக்கு ஐம்பது என்றல்லவா நினைப்போம்? ஆசை வேறுபட்டால் பங்கு பெருகுகிறது! இந்த முறையை டொனால்ட் டிரம்ப், இவானா விவாகரத்தில் பொருத்திப் பார்த்து அவர்கள் புத்தகத்தில் எழுதினார்கள். அந்தக் கணவர் சூது விடுதி நடத்தியவர் என்பது தற்செயல்.

இதில் ஓர் ஓட்டை உண்டு. மற்றவர் மனதில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் பொய்ப் புள்ளி போட்டு ஏமாற்றலாம். இருபது வருடம் கூட வாழ்ந்தவருக்கு அது தெரியாமலா இருக்கும்? சிப்பிக் கூறில் இந்த வம்பே இல்லை.

உடப்புத் திரௌபதி அம்மன் கோயிலில் ஆடி மாதம் பதினெட்டு நாள் திருவிழா, முடிவில் தீமிதிப்பு. அங்கே கேட்கும் பாரதக் கதையில் நமக்குத் தேவையான கேள்வி சபையில் எழுகிறது: தன்னையே முதலில் தோற்றுவிட்டவனுக்கு, மனைவியைப் பணயம் வைக்க உரிமை ஏது? பொருள் தன்னுடையதாக இருந்தால்தானே விற்கவோ பணயம் வைக்கவோ முடியும்? சூது, சொத்து, மணவுறவு மூன்றையும் ஒரே வாக்கியத்தில் கட்டிப் போட்ட வழக்குக் கேள்வி. சட்டம் தெரிந்த பீஷ்மரே தடுமாறினார்.

அன்று உடப்பில் மடி ஏறியது. பாரை இல்லை, சொறியும் இல்லை. இரண்டு கூடை கீரி, கொஞ்சம் காரல், ஒரு நண்டு. விற்பதற்கு எடுத்தது போக, இழுத்தவர்களின் கறிக்கு என்று மிச்சத்தை மணலில் சாக்கு விரித்துக் கூறு வைத்தார்கள். ஒவ்வொரு கூறும் ஏறத்தாழ ஒரே அளவு. ஆனால் நண்டு ஒன்றுதானே. ஒரு சிறுவனைக் கூப்பிட்டுக் கடலைப் பார்த்து நிற்கச் சொன்னார்கள். பின்னால் நின்றவர் ஒரு கூறைத் தொட்டு, "இது ஆருக்கு?" என்றார்.

"சித்தப்பாவுக்கு."

"இது?"

"தாத்தாவுக்கு."

நான் கேள்வி கேட்ட பெரியவர்தான் தாத்தா. நண்டு இருந்த கூறு அவருக்கு விழுந்தது. அவர் நண்டைத் தூக்கிச் சிறுவனிடம் கொடுத்துவிட்டு, மீதியைத் துண்டில் முடிந்துகொண்டார்.